பாதி வட்டமும் பாதி விட்டமும்: வட்டக் குழி காணும் வழியின் வரலாறு

காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்பைக் காண இரண்டடியில் ஒரு சூத்திரம் கூறுகிறது. வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் குழி கிடைக்கும் என்பது அதன் பொருள். தமிழ்க் கணித நூல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எடுத்துக்காட்டும் சூத்திரம் இதுவே. ஆயினும், இதனைப் பற்றி ஒன்றற்கொன்று முரணான இரு கருத்துகள் வழங்கி வருகின்றன. பை என இன்று குறிக்கப்பெறும் மாறிலியைத் தமிழர் நுட்பமாக அறிந்திருந்தமைக்கு இச்சூத்திரம் சான்று என்பது ஒன்று. இது நிலம் அளப்போரின் தோராயக் கணக்கே; இதில் கணிதம் எனத்தக்கது ஏதுமில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சூத்திரத்தைச் சரிவரப் படியாமையால் எழுந்தவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதனை நிறுவுவதற்கு இவ்விதி இந்திய மொழிகளில் நடந்து வந்த வழியை ஒருமுறை பின்தொடர்ந்து காண வேண்டும்.

முதலில் சூத்திரம் கூறாததைக் கவனிக்கலாம். விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் எது என்பது இதில் இல்லை. 3 என்றோ, 22/7 என்றோ, வேறு எண்ணாகவோ இது எதனையும் விதிக்கவில்லை. சுற்றளவும் விட்டமும் கையில் உள்ளன, பரப்பு வேண்டும், அதற்கு வழி என்ன என்பதே இதன் வினா. அவ்வினாவுக்கு இது தரும் விடை துல்லியமானது. சுற்றளவைக் கயிற்றாலும் விட்டத்தைக் கோலாலும் பிழையின்றி அளந்தால் பரப்பும் பிழையின்றி வரும். ஆகவே, விகிதத்தின் நுட்பத்தை இச்சூத்திரத்திலிருந்து பெற முடியாது. அதுபோலவே, இதனைத் தோராயம் என்று தள்ளவும் முடியாது. விகிதம் ஒன்று, பரப்பின் விதி மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காணாமையே வட்டக் கணக்கின் வரலாற்றை எழுதுவோர் பலரிடம் காணப்பெறும் குறையாகும்.

வேள்விக் களத்தில் வட்டம்

இந்தியாவில் வட்டப் பரப்பைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் சுல்ப சூத்திரங்களில் உள்ளன. அவற்றுள் மூத்ததாகக் கருதப்பெறும் போதாயன சுல்ப சூத்திரத்தைக் கி.மு. 800க்கும் 500க்கும் இடையில் வைப்பர். வேள்வியில் கார்ஹபத்தியம் என்னும் தீக்குரிய மேடை வட்டமாகவும், ஆகவனீயத்துக்குரியது சதுரமாகவும் அமைதல் வேண்டும். இரண்டும் பரப்பில் ஒத்திருத்தல் வேண்டும். எனவே சதுரத்தை வட்டமாக்குவதும் வட்டத்தைச் சதுரமாக்குவதும் அம்மேடை கட்டுவோருக்குத் தேவையாயின.

சதுரத்தை வட்டமாக்கப் போதாயனர் கூறும் வழி எளியது. சதுரத்தின் நடுவிலிருந்து மூலை வரை உள்ள நீளம், நடுவிலிருந்து பக்கம் வரை உள்ள நீளத்தைவிட எவ்வளவு மிகுதியோ, அம்மிகுதியில் மூன்றில் ஒரு பங்கை அரைப்பக்கத்தோடு கூட்டி, அந்நீளத்தால் வட்டம் வரைதல் வேண்டும். பக்கம் 2 எனக் கொண்டால் ஆரம் ஏறத்தாழ 1.138 ஆகும். வட்டத்தின் பரப்பு 4 ஆக வேண்டிய இடத்தில் 4.069 வருகிறது, நூற்றுக்கு 1.7 அளவே மிகுதி. வட்டத்தைச் சதுரமாக்கும் எளிய வழியில் பிழை இன்னும் கூடுதல். விட்டத்தை 15 கூறாக்கி அவற்றுள் 13 கூறினைப் பக்கமாகக் கொள்ளும்போது, விட்டம் 15 உள்ள வட்டத்துக்கு 169 பரப்புடைய சதுரம் கிடைக்கும். உண்மைப் பரப்போ 176.7க்குச் சற்று மேல்.

இங்குப் பிழையைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. இவ்வழிகளில் பரப்பு என்பது எண்ணாக வெளிப்படுவதில்லை. ஒரு வடிவம் மற்றொரு வடிவமாக மாற்றப்படுகிறது, அவ்வளவே. சுற்றளவு எவ்வளவு என்ற வினாவும் எழுவதில்லை. கயிற்றையும் முளையையும் மட்டும் கொண்டு இச்சமன்பாட்டைத் துல்லியமாகச் செய்து முடிக்க எவராலும் இயலாது என்பதை 1882இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் லிண்டெமன் நிறுவினார். மேடை கட்டியவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. செங்கல் மேடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

சமணர் எண்கள்

பரப்பை எண்ணாகக் கண்டு சொல்லும் வழக்கம் சமண உலக நூல்களில் தெளிவாகத் தோன்றுகிறது. அந்நூல்களின்படி சம்பூத்தீவம் என்பது ஒரு நூறாயிரம் யோசனை விட்டமுள்ள வட்டம். விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் சுற்றளவு. சுற்றளவை விட்டத்தில் காற்பங்கால் பெருக்கினால் பரப்பு. உமாசுவாதியின் பெயரால் வழங்கும் தத்துவார்த்தாதிகம சூத்திர உரையிலும் இவ்விரு விதிகளும் உள்ளன.

இவ்விதியால் சம்பூத்தீவத்தின் சுற்றளவை 316227 யோசனை, 3 கவ்யூதி, 128 தனுசு, 13½ அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று கணித்தனர். வர்க்கமூலம் காண்பதில் அவர்களுக்கிருந்த ஆற்றலுக்கு இவ்வெண் நல்ல சான்று. ஆனால் பத்தின் வர்க்கமூலத்தை விகிதமாகக் கொண்டமையால், உண்மையில் 314159 யோசனை ஆகவேண்டிய சுற்றளவு இரண்டாயிரம் யோசனைக்கு மேல் கூடிவிட்டது. யோசனையில் இரண்டாயிரம் பிழைத்த கணக்கில் அங்குலத்தின் அரைக்கூறு வரை கவலைப்பட்டிருப்பதை எண்ணிப் புன்னகை செய்யலாம். எனினும், அதே கணக்கின் இரண்டாம் பகுதியாகிய காற்பங்கு விட்டத்தால் பெருக்கும் விதியில் எவ்விதப் பிழையும் இல்லை. பிழை முழுவதும் விகிதத்தில் உள்ளது. முன்னர்க் குறித்த பிரிவினை எவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

பத்தின் வர்க்கமூலம் நெடுநாள் வழங்கியது. பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிய நூலில் நடைமுறைக்கு 3 என்றும் நுட்பத்துக்குப் பத்தின் வர்க்கமூலம் என்றும் கொண்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீரரும் தம் கணிதசார சங்கிரகத்தில் அவ்விரண்டையுமே கூறினார். அந்நூலைப் பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லணர் தெலுங்கில் தந்தார். ஆரியபட்டரின் உரையாசிரியராகிய முதலாம் பாஸ்கரர் மட்டும் கி.பி. 629இலேயே இவ்வெண்ணை ஏற்க மறுத்தார். இதற்கு மரபு உண்டேயன்றி நிறுவுதல் இல்லை என்பது அவர் கூறிய காரணம். ஓர் எண் தவறு என்று சொல்வதோடு நில்லாமல், அதனை ஏற்பதற்கு என்ன வேண்டும் என்பதையும் அவர் உரைத்திருப்பது போற்றத்தக்கது.

ஆரியபட்டரின் ஒரு சுலோகம்

கி.பி. 499இல் தமக்கு இருபத்து மூன்று வயது நிறைந்ததாகக் கூறும் ஆரியபட்டர், ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் ஏழாம் சுலோகத்தின் முதற்பாதியில் வட்டத்தின் பரப்பைக் கூறுகிறார். சுற்றளவின் பாதி, விட்டத்தின் பாதியால் பெருக்கப்பட்டது எதுவோ அதுவே வட்டத்தின் பலம் என்பது அவர் வாக்கின் கருத்து. கணக்கதிகாரச் சூத்திரத்தை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இச்சுலோகத்தின் பிற்பாதி ஆராய்ச்சியாளர்க்கு நெடுங்காலமாக இடர் தந்து வருவது. அவ்வட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கோளத்தின் கன அளவு ஐயமின்றி வரும் என்று அது கூறுகிறது. இது தவறு. ஆரம் 1 ஆயின் கோளத்தின் கன அளவு 4.19 ஆகவேண்டும், இவ்விதியால் 5.57 வருகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகை. இதற்கு முந்தைய சுலோகத்தில் கூம்பிய உருவின் கன அளவுக்கு மூன்றில் ஒன்று என்பதற்குப் பதிலாகப் பாதி என்று கூறப்பட்டிருப்பதும் இதே வகைப் பிழைதான். சதுரத்தின் பரப்பிலிருந்து கன சதுரம் வருவதுபோல வட்டத்திலிருந்து கோளம் வரும் என்று ஒப்புமையால் கருதினார் போலும்.

ஒரே சுலோகத்தில் முழு உண்மையும் முழுப் பிழையும் அடுத்தடுத்து அமைந்திருப்பதிலிருந்து ஒரு செய்தியை ஊகிக்கலாம். வட்டத்தின் விதிக்கு ஆரியபட்டரிடமோ அவருடைய ஆசிரியரிடமோ கண்ணால் காணத்தக்க ஒரு காரணம் இருந்திருத்தல் வேண்டும். கோளத்தின் விதிக்கு அவ்வாறு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒப்புமை ஒன்றே அதற்குத் துணை. காரணத்தை எழுதி வைக்கும் வழக்கம் சூத்திர நடையில் இல்லாமையால், பிற்காலத்தவர் இரண்டையும் ஒரே மதிப்போடு மனனம் செய்தனர். இரண்டாம் பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில்தான் கோளத்தின் கணக்குத் திருந்திய வடிவில் காணப்படுகிறது. சுற்றளவை விட்டத்தில் காற்பங்கால் பெருக்கினால் வட்டப் பரப்பு; அதன் நான்கு மடங்கு கோளத்தின் மேற்பரப்பு; மேற்பரப்பை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கன அளவு என்று அவர் தொடராகக் கூறியுள்ளார்.

விகிதத்தைப் பத்தாம் சுலோகத்தில் ஆரியபட்டர் தனியே வைத்துள்ளார். 20000 விட்டத்துக்கு 62832 சுற்றளவு என்பது அதன் முடிவு. இன்றைய முறையில் 3.1416. இதனை அவர் 'ஆசன்னம்' என்ற சொல்லால் அடைகொடுத்து, அண்மியது என்று குறிக்கிறார். பரப்பு விதிக்கு அவ்வடைமொழியை அவர் தரவில்லை. விதி துல்லியம், விகிதம் அண்மை என்ற வேறுபாட்டை அவர் உணர்ந்தே எழுதினார் என்று கொள்வதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சொற்கள் காட்டும் வழி

கணக்கதிகாரத்தின் காலத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரை பலவாறாகக் கூறுவர். எவ்வாறு கொள்ளினும் ஆரியபட்டருக்கு அது பல நூற்றாண்டு பிந்தியதே. எனவே, இவ்விதி தமிழில் தோன்றி வடக்கே சென்றது என்று இச்சூத்திரத்தைக் கொண்டு வாதிட வழியில்லை. வடமொழியிலிருந்து வந்தது என்பதற்கேனும் சான்று உண்டா என்பது அடுத்த வினா.

வட்டப் பரப்பின் விதி இந்திய நூல்களில் இரண்டு சொல்வடிவங்களில் வழங்குகிறது. பாதியைப் பாதியால் பெருக்குவது ஒன்று. முழுச் சுற்றளவைக் காற்பங்கு விட்டத்தால் பெருக்குவது மற்றொன்று. இரண்டும் ஒரே விடையைத் தருவன. ஆனால் நூல்வழி வேறு. உமாசுவாதி, மகாவீரர், இரண்டாம் பாஸ்கரர் ஆகியோர் காற்பங்கு வடிவத்தைக் கையாண்டனர். ஆரியபட்டர் கையாண்டது பாதி வடிவம். கணக்கதிகாரச் சூத்திரமும் பாதி வடிவத்திலேயே அமைந்துள்ளது. மகாவீரரின் நூல் கன்னட, தெலுங்கு நாடுகளில் பரவியிருந்தும், லீலாவதி இந்தியா முழுதும் பயிலப்பட்டும், தமிழ்ச் சூத்திரம் அவற்றின் வடிவத்தைக் கொள்ளவில்லை.

பெருக்குதலைக் குறிக்கும் சொல்லும் நோக்கத்தக்கது. ஆரியபட்டர் 'ஹதம்', அடிக்கப்பட்டது, என்னும் சொல்லை ஆள்கிறார். தமிழ்ச் சூத்திரம் பெருக்குதற்குத் 'தாக்குதல்' என்னும் வினையை ஆள்கிறது. இரண்டிலும் பெருக்கல் ஓர் அடியாகவே சொல்லப்படுகிறது. விட்டம் என்ற சொல்லும் அவ்வாறே. தமிழ் வீடுகளில் சுவருக்குச் சுவர் குறுக்காகக் கிடக்கும் உத்தரத்துக்கு விட்டம் என்று பெயர். ஆரியபட்டர் விட்டத்துக்கு ஆளும் 'விஷ்கம்பம்' என்ற சொல்லுக்குக் கதவின் குறுக்குத் தாழ், முட்டுக்கட்டை என்னும் பொருள்களும் உண்டு. வட்டத்தின் குறுக்கே ஒரு மரத்தைக் கிடத்திப் பார்த்த கண்கள் இரு மொழியிலும் அச்சொற்களைப் படைத்துள்ளன.

இந்த ஒற்றுமைகளைக் கொண்டு கடன்பெற்றமை நிறுவப்பட்டது என்று கூறிவிடலாமா? அவசரம் கூடாது. சீனத்தின் பழைய கணித நூலாகிய ஒன்பது அத்தியாயங்களில் இதே விதி, இதே பாதி வடிவத்தில், ஏறக்குறைய இதே சொற்களில் உள்ளது. அதற்கு லியூ ஹூய் கி.பி. 263இல் விளக்கம் எழுதினார். கிரேக்கர்களில் ஆர்க்கிமிடீசு கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே, வட்டத்தின் பரப்பு அதன் சுற்றளவை அடியாகவும் ஆரத்தை உயரமாகவும் கொண்ட செங்கோண முக்கோணத்தின் பரப்புக்குச் சமம் என்று நிறுவினார். கருத்து ஒன்றே. சொல்வடிவம் ஒத்திருப்பதால் சீனரும் ஆரியபட்டரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றனர் என்று எவரும் கூறத் துணிவதில்லை. அதே எச்சரிக்கை தமிழுக்கும் பொருந்தும்.

எனினும், ஆரியபட்ட மரபு தமிழ்நாட்டை எட்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. கேரளத்தில் வேரூன்றிய அம்மரபின் வாக்கிய முறையே தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கங்களுக்கு அடிப்படை. சென்னையில் 1825இல் வெளிவந்த ஜான் வாரனின் காலசங்கலித நூல், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் வைத்து, மனனம் செய்த வாய்பாடுகளின் உதவியால் அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை விவரிக்கிறது. எழுத்தறிவின் வழியாக மட்டுமன்றி வாய்மொழியாகவும் கணிதம் நடந்த நாடு இது. அவ்வழியில் இரண்டடிச் சூத்திரம் ஒன்று தமிழ் உருப் பெற்றிருக்கக் கூடும் என்பதே இப்போதைக்குச் சொல்லத்தக்க அளவு.

குழி என்னும் சொல்லில் மட்டும் தமிழ்ச் சூத்திரம் முற்றிலும் தன் வழியே செல்கிறது. வடமொழியில் பரப்பு 'க்ஷேத்திர பலம்', நிலத்தின் பயன். தமிழில் அது குழி. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள நிலம் ஒரு குழி; 100 குழி ஒரு மா; 20 மா ஒரு வேலி என்பது தஞ்சைப் பகுதியில் வழங்கிய வாய்பாடு. பன்னிரண்டடிக் கோலாயின் ஒரு குழி 144 சதுர அடி. எண்களின் வர்க்கங்களை ஒப்பிக்கும் சுவடிக்கும் குழிமாற்று என்றே பெயர். மா என்பது இருபதில் ஒன்றையும், வேலியில் இருபதில் ஒரு பங்காகிய நிலத்தையும் ஒருசேரக் குறிக்கும். ஆகவே, தமிழ்க் கணக்கில் பரப்பு என்ற கருத்தே நிலத்தைவிட்டு நீங்காதது. ஆரியபட்டருடைய விதி வட்டத்தைப் பற்றியது. காரிநாயனாருடையது வட்டமான ஒரு நிலத்தைப் பற்றியது.

களத்தில் விதி

இச்சூத்திரம் யாருக்கு வேண்டியிருந்தது? வட்ட வடிவில் வயல் அமைவது அரிது. ஆனால் கிணறும் குளமும் நெற்களமும் வட்டமாக அமைவன. அவற்றுக்கு நீக்கிய நிலம் எவ்வளவு, வரிக்கு உரியது எவ்வளவு என்பதை அளந்து சொல்ல வேண்டிய கணக்கருக்கு இவ்விதி பயன்பட்டிருக்கும்.

14 கோல் விட்டமுள்ள ஒரு வட்டக் குளத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 22/7 விகிதத்தால் 44 கோல். பாதி 22, விட்டத்தில் பாதி 7, இரண்டையும் தாக்க 154 குழி, அதாவது ஒரு மாவும் 54 குழியும். விகிதம் 3 என்று கொள்பவர் சுற்றளவை 42 ஆக்கி 147 குழி காண்பார். பன்னிரண்டடிக் கோலால் இவ்வேறுபாடு 1008 சதுர அடி. ஒரு குடியானவருக்கு இது சிறிதன்று. 22/7க்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடோ ஒன்பது சதுர அடி அளவே. கணக்கர் விகிதத்தையே நாடாமல், கயிற்றைக் குளத்தின் கரையைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை நேரே அளந்துவிட்டால், எந்த விகிதத்தின் பிழையும் கணக்கில் புகாது. விகிதத்தை விலக்கி விதியை மட்டும் கூறிய சூத்திரத்தின் பயன் இங்கேதான் முழுமையாகப் புலனாகிறது. அளக்கத் தெரிந்தவருக்கு அது போதும்.

திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் ஒப்பித்தவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று முதலிய வாய்பாடுகள். கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அவற்றைக் கடந்தோர்க்கு உரியவை. இவ்வேறுபாட்டையும், கணக்குக்கும் நிலவருவாய்க்கும் சாதிக்கும் இருந்த உறவையும் செந்தில் பாபு 2022இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1998இல் கணக்கதிகாரத் தொகுப்பு நூலை வெளியிட்டமையும் இத்துறைக்குப் பெருந்துணை.

மலையாள உரைநடையில் காரணம்

பாதியைப் பாதியால் பெருக்குவது ஏன் என்பதற்கு விடையை நம் அண்டை மொழி ஒன்று எழுதி வைத்துள்ளது. சேட்டதேவர் 1530ஐ ஒட்டி மலையாள உரைநடையில் இயற்றிய யுக்திபாஷை அது. நீலகண்ட சோமயாஜி 1500ஐ ஒட்டி வடமொழியில் இயற்றிய தந்திரசங்கிரகத்தின் கணக்குகளுக்குக் காரணம் கூறுவதே அந்நூலின் நோக்கம். செய்யுளை விட்டு, வடமொழியையும் விட்டு, பேசும் மொழியின் உரைநடையில் காரணங்களை மட்டுமே நிரல்பட எழுதிய கணித நூல் அக்காலத்தில் இந்தியாவில் மிக அரிது. மொழி வரலாற்று நோக்கிலும் இது தனி ஆராய்ச்சிக்கு உரியது.

அங்குக் கூறப்பெறும் வழியை இவ்வாறு விளக்கலாம். வட்டத்தை இரு பாதியாக வெட்டுக. ஒவ்வொரு பாதியையும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பல துண்டுகளாகக் கீறுக. விளிம்பு மட்டும் அறாமல் இருக்கட்டும். பிறகு விளிம்பை நேராக நிமிர்த்தினால், துண்டுகள் சீப்பின் பற்களைப்போல விரிந்து நிற்கும். இரண்டு பாதிகளும் இரண்டு சீப்புகள். ஒன்றன் பற்களின் இடைவெளியில் மற்றொன்றன் பற்களைச் செருகினால் இடைவெளி முழுதும் நிரம்பிச் செவ்வகம் ஒன்று அமையும். அதன் நீளம் அரைச் சுற்றளவு. அகலம் அரை விட்டம். எனவே பரப்பு இரண்டின் பெருக்கம். அவ்வளவே. துண்டுகள் சிலவாயின் விளிம்பு வளைந்து செவ்வகம் அலைபோல் நெளியும். துண்டுகள் மிக மிக நெளிவு குறைந்து நேராகும்.

இதே வழியை மகாராட்டிர நாட்டில் கணேச தைவஞ்ஞர் 1545இல் லீலாவதிக்கு எழுதிய புத்திவிலாசினி உரையிலும் காணலாம். ஏறத்தாழ ஒரே காலத்தில், நெடுந்தொலைவில் உள்ள இரு நாடுகளில், ஒன்று வடமொழியிலும் ஒன்று மலையாளத்திலும் இது எழுதப்பட்டிருப்பதால், ஆசிரியர் மாணாக்கருக்குக் கைச்செய்கையால் காட்டிவந்த பழைய வழி ஒன்று இவ்விடங்களில் எழுத்தேறியது என்று கருத இடமுண்டு. ஆரியபட்டர் கண்ட காரணமும் இதுவாக இருக்கலாம். பாதி, பாதி என்று அவர் சொன்ன வடிவம் இச்செவ்வகத்தின் இரு பக்கங்களை அப்படியே பெயரிட்டுச் சொல்வதாக அமைந்திருத்தலை நோக்குக. காற்பங்கு வடிவத்துக்கு இவ்வாறு நேரான படம் இல்லை. தமிழ்ச் சூத்திரம் பாதி வடிவத்தைக் காத்தது என்றால், காரணம் மறைந்த பின்னும் காரணத்தின் உருவம் அதில் தங்கியுள்ளது என்றே சொல்ல வேண்டும்.

சுற்றளவு பற்றி எஞ்சிய வினாவையும் கேரளத்தவர் விடவில்லை. சங்கமகிராமத்து மாதவர் கண்ட மதிப்பு 900000000000 விட்டத்துக்கு 2827433388233 சுற்றளவு என்பது. தசம இடம் பத்து வரை இது சரியானது. முடிவிலாத் தொடரால் விகிதத்தைக் காணும் வழியையும் அவர் மரபினர் அவர் பெயரால் வழங்கினர். நீலகண்டர் ஆரியபட்டீய உரையில் 'ஆசன்னம்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதுகையில், உண்மை மதிப்பை விட்டு அண்மிய மதிப்பைக் கூறியது ஏன் என்று தாமே வினவிக்கொள்கிறார். எந்த அளவுகோலால் விட்டம் மிச்சமின்றி அளக்கப்படுகிறதோ, அதே கோலால் சுற்றளவை அளந்தால் மிச்சம் விழும். சுற்றளவு மிச்சமின்றி அளக்கப்படும் கோலுக்கு விட்டத்தில் மிச்சம் விழும். கோலை எவ்வளவு சிறிதாக்கினும் மிச்சம் சிறுகுமேயன்றி இரண்டிலும் ஒருசேர இல்லாமற் போகாது என்பது அவர் தரும் விடை. இதற்கு அவர் நிறுவுதல் தரவில்லை. 1761இல் லாம்பெர்ட் அதனை நிறுவினார். ஆயினும் கோலும் மிச்சமுமாக அவர் அதனைச் சொல்லிய முறை நிலம் அளந்த எவருக்கும் விளங்கத்தக்கது.

யுக்திபாஷையை மேலைநாட்டார் அறியச் செய்தவர் கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றிய சார்லசு விசு. அவருடைய கட்டுரை 1834இல் இலண்டன் ஆசியக் கழக வெளியீட்டில் அச்சாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். 1944இல் முகுந்த மாராரும், பின்னாளில் சென்னை இராமானுசன் கணித நிறுவனத்தின் தலைவராக விளங்கிய சி. தி. இராசகோபாலும் சேர்ந்து, இந்துக்கள் வட்டத்தைச் சதுரித்த முறை பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். யுக்திபாஷையின் கணிதப் பகுதி மலையாள விளக்கத்தோடு 1948இல் திருச்சூரில் பதிப்பிக்கப்பெற்றது. கே. வி. சர்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்போடு நூல் முழுதும் 2008இல் வெளிவந்தது.